ஹார்டுவேர் கடைக்காரர் விட்ட கப்பல்: சவாசன் – ஸ்வார்ட்ஸ் பே

கனடாவில் வான்கூவர் பக்கம் யார் வந்தாலும், எதிரே தீவில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா (பி.சி.) மாகாணத் தலைநகர் விக்டோரியாவுக்கு விமானத்தில் போகாதீர்கள், பி.சி. ஃபெரீஸ் கப்பலில் போங்கள் என்றுதான் சொல்வேன். வான்கூவர் பக்கமுள்ள சவாசன் துறையிலிருந்து தீவிலுள்ள ஸ்வார்ட்ஸ் பே துறைக்கு 1 மணி 35 நிமிடம். பெரிய கப்பல்களில் 350 கார்கள் வரை ஏறும். லாரியும் பஸ்ஸும் வரிசையாக உள்ளே போவதைப் பார்த்து, ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, "இத்தனையும் ஏத்திக்கிட்டு மிதக்குமாடா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டமே இல்லாமல் போய்ச் சேர்ந்தோம்.

இந்தக் கப்பல் சேவையைக் கொண்டுவந்தவர் டபிள்யூ.ஏ.சி. பென்னட். 1930-ல் கெலோனா என்ற சின்ன ஊரில் ஹார்டுவேர் கடை வாங்கியவர். 1941-ல் மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்று தோற்று, 1951-ல் வெளியேறி சோஷியல் கிரெடிட் என்ற கட்சியில் சேர்ந்தார். 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு 19 இடம், எதிரே சோஷலிஸ்டுகளுக்கு 18. தேர்தல் முடிந்த பிறகுதான் அவரைத் தலைவராக்கினார்கள். முதல்வரானவர் 1972 வரை இறங்கவில்லை. நிதித்துறையையும் பெரும்பாலான காலம் தானே வைத்துக்கொண்டார். நானும் வான்கூவர் பக்கத்து சர்ரேயில் ஹார்டுவேர் கடை நடத்துபவன். கல்லாவை அவர் யாரிடமும் விடாதது ஏன் என்று எனக்குப் புரிகிறது.

1958-ல் தீவுக்குக் கப்பல் ஓட்டிய இரண்டு தனியார் நிறுவனங்களிலும் அடுத்தடுத்து வேலைநிறுத்தம். தனியார் தொழிலே நல்லது என்று பேசிவந்த அதே மனிதர், அரசே கப்பல் விடும் என்று அறிவித்தார். 1960 ஜூனில் இரண்டு கப்பல்களோடு சேவை தொடங்கியது. மறு வருடமே மாகாணத்தின் பெரிய மின்சாரக் கம்பெனியையும் அரசுடைமையாக்கினார். கொள்கை எதுவானாலும் சரக்கு வந்து சேர வேண்டும் என்ற கடைக்கார புத்தி அது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஆனால் பீஸ் நதியில் அவர் பெயரில் நிற்கும் அணை பூர்வகுடிகளின் நிலத்தை மூழ்கடித்தது. அவர்களிடம் முறையாகக் கேட்கக்கூட இல்லை. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். வழியில் ஆக்டிவ் பாஸ் வரும், காலியானோ, மெய்ன் தீவுகளுக்கு நடுவே குறுகலான நீர்ச்சந்து. நுழையும் முன் கப்பல் நீளமாக ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டதும் மேல் தளத்துக்கு ஏறிவிடுங்கள். கப்பல் வளைந்து திரும்பும்போது கரையிலுள்ள வீடுகளின் ஜன்னல்கூடத் தெரியும். எதிரே வரும் கப்பலிலிருந்து ஆட்கள் கையசைப்பார்கள். காற்று காதைப் பிய்க்கும், ஜாக்கெட் கட்டாயம். அப்புறம் உள்ளே வந்து, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை ஜன்னலோர மேசையில் வைத்துச் சாப்பிட்டோம்.

கார் கொண்டுபோவதானால் கோடையிலும் நீண்ட வார இறுதிகளிலும் முன்பதிவு செய்துவிடுங்கள். கார் இல்லாதவர்களுக்கு பிரிட்ஜ்போர்ட் ரயில் நிலையத்திலிருந்து 620 பஸ் துறை வரைக்கும் போகிறது. அந்தப் பக்கம் இறங்கியதும் விக்டோரியாவுக்கு 70-ம் எண் பஸ்ஸைப் பிடியுங்கள்.