எழுத இடம் இருந்தும் எழுதாதவர்கள்: போஸ்ட்கிராசிங் பற்றி ஒரு பழைய உறுப்பினரின் அனுபவம்

அலுவலகத்தில் உடன் பணிபுரியும் தோழி ஒருவர், என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஃபின்லாந்து அட்டையைப் படித்துவிட்டு, அனுப்பியவர் உறவா என்று கேட்டார். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சலட்டை அனுப்பிக்கொள்ள வழிசெய்யும் போஸ்ட்கிராசிங் என்ற இணையதளம் மூலம் வந்தது என்று சொன்னதும், தானும் இதில் சேரலாமா என்றார். அன்றைய எரிச்சலில் வேண்டாம் என்று நான் சொன்ன பதில் நியாயமானதாக இல்லை என்று பிறகு தோன்றியதால், நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். நிதானம் கடைசிவரை நிற்கும் என்று உறுதி கூற முடியாது.

இயங்கும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு முகவரி கேட்டால், உலகின் ஏதோ ஒரு மூலையில் உள்ள ஒருவரின் முகவரியும் ஓர் அடையாள எண்ணும் கிடைக்கும். நம்முடைய அட்டை அவருக்குப் போய்ச் சேர்ந்து, அந்த எண்ணை அவர் பதிவு செய்ததும், வேறெங்கோ உள்ள மூன்றாமவர் ஒருவருக்கு நம் முகவரி போகும். உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டின் வரலாற்றை அறிந்த செட்டிநாட்டாருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது: ஓரிடத்தில் கட்டியதை வேறோரிடத்தில் வேறொருவர் தருகிறார், நடுவில் இருப்பது நம்பிக்கை மட்டுமே.

இதை 2005 ஜூலை 14 அன்று தொடங்கியவர் பாவ்லோ மகல்யாய்ஷ் என்ற போர்ச்சுகல் நாட்டு மாணவர். தபாலில் அட்டை வந்தால் தனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது, தன்னைப் போன்றவர்கள் வேறு இடங்களிலும் இருப்பார்கள் என்ற எண்ணம்தான் முதல். அவர் வீட்டுத் துணி அலமாரிக்குள் வைத்த பழைய கணினி ஒன்றில்தான் அந்தத் தளம் முதலில் ஓடியது. விளம்பரம் ஏதுமின்றி வாய்வழியாகப் பரவியே 2008 ஏப்ரலில் பத்து லட்சம் அட்டைகளையும், 2012 ஜனவரியில் ஒரு கோடியையும் அது எட்டிவிட்டது. வாய்வழி என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் பார்த்த அளவில், அது பெரும்பாலும் கண்வழிதான்.

கானாடுகாத்தானில் பெரிய வீடொன்றில் நடக்கும் விடுதியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். தங்க வந்த வெளிநாட்டு விருந்தாளிகள் வரவேற்பு மேசையில் கட்டுக்கட்டாக அட்டை எழுதுவதைக் கண்டு, இத்தனை உறவினர்களா என்று கேட்கப்போய் உறுப்பினரானார் அவர். தேவகோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சல்தலை சேகரிப்பவர். 2011இல் நெதர்லாந்து அஞ்சல்துறை போஸ்ட்கிராசிங்குக்கென்றே அஞ்சல்தலை வெளியிட்டதை அறிந்து, அஞ்சல்தலையிலிருந்து அட்டைக்கு வந்து சேர்ந்தார். நான் வந்த வழி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். ஒரு தகரப் பெட்டியில் எவர் வீட்டிலிருந்தோ வந்த பழைய கார்டுகள் கிடந்தன. நான் நின்றுகொண்டே படிப்பதைப் பார்த்த இன்னொரு வாடிக்கையாளர், இப்படி இப்போதும் எழுதிக்கொள்கிறார்கள், தெரியுமா என்று பேச்சைத் தொடங்கினார்.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். தனக்கு எழுதப்படாத ஓர் அட்டையை ஒருவர் பார்த்திருக்கிறார் அல்லது படித்திருக்கிறார். உறைக்குள் இருக்கும் கடிதத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. அட்டை திறந்து கிடப்பதால் அதுவே தனக்கு ஆள் சேர்க்கிறது. எங்கள் தெருவில் இதை நேரடியாகவே கண்டேன். செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பையும் அடுத்த தெருவில் பின்வாசலையும் கொண்டவை. தபால்காரர் எந்தப் பக்கமாக வருகிறாரோ அந்தப் பக்கம் கொடுத்துவிட்டுப் போவார். பின்வாசலில் வாங்கி வைக்கப்பட்ட அட்டைகள், வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் வேலை செய்பவர்கள், பக்கத்து வீட்டு ஆச்சி, ஆச்சியின் பேத்தி ஆகியோரைக் கடந்துதான் என்னிடம் வரும். தாய்வானில் ஒருவர் வளர்க்கும் பூனைக்குக் கண் சரியில்லை என்பதை நான் அறியும் முன்பே ஆச்சி அறிந்திருந்தார். அந்தப் பேத்தி இப்போது சொந்தமாக உறுப்பினர். இத்தனை ஆண்டுகளில் இந்தப் பொழுதுபோக்கு எனக்குத் தந்த எதிர்பாராத மகிழ்ச்சி, எனக்கு வந்த அட்டைகளைவிட, அவை என்னிடம் வரும் வழியில் செய்த வேலைதான்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். அண்மைக் காலமாக வரும் அட்டைகளில் பாதிக்கு மேல் "ஹலோ, ஹேப்பி போஸ்ட்கிராசிங்" என்ற ஒரு வரியும், அடையாள எண்ணும், ஒரு ஒட்டுப்படமும் மட்டுமே இருக்கின்றன. அழகான படம், நல்ல அஞ்சல்தலை, கண்டங்கள் தாண்டிய பயணம், பின்புறத்தில் கையகல வெற்றிடம். அந்த வரியை யாரும் யாருக்கும் எழுதலாம். அதை எழுதியவர் மீனவரா, மருத்துவரா, அன்று அவர் ஊரில் மழையா, பனியா என்பது ஒன்றும் தெரியாது. வெற்று அட்டையால் ஏமாறுவது பெறுபவர் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பின்வாசலில் அதைப் புரட்டிப் பார்த்து, படிக்க ஒன்றுமில்லை என்று கீழே வைத்துவிடும் அடுத்த ஆளையும் அது இழக்கிறது.

சம்பிரதாய வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளின் பெட்டகங்களில் இருக்கும் பழைய கார்டுகளைப் பாருங்கள். 1937 வரை பர்மா இந்திய அஞ்சல் அமைப்புக்குள்ளேயே இருந்ததால், ரங்கூனுக்கும் காரைக்குடிக்கும் இடையே உள்நாட்டுக் கார்டே போய்வந்தது. அவற்றில் தலைப்பில் சிவமயம் இருக்கும். அடுத்து, இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா என்பது மாறாமல் இருக்கும். ஆனால் அதற்குக் கீழேதான் கார்டு தொடங்கும். நெல் விலை, கப்பலேறும் நாள், கண்மாயில் நீர் வந்ததா என்ற கேள்வி, அப்பத்தாளின் மூட்டுவலிக்கு அனுப்பிய தைலம் எல்லாம் எறும்பு எழுத்தில் ஓரம்வரை நெருக்கி, இடம் போதாமல் பக்கவாட்டில் திருப்பி எழுதப்பட்டிருக்கும். துக்கச் செய்தி வந்த கார்டுகளை வீட்டில் வைக்காமல் கிழித்துவிடும் வழக்கம் இருந்ததால், இன்று எஞ்சியவை பெரும்பாலும் நல்ல சேதிகளும் கணக்குகளுமே. ஒரு கார்டின் இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு இவற்றைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிராசிங்கின் பொதுமொழி ஆங்கிலம்; அதில் நான்கு வாக்கியம் அமைப்பது பலருக்குப் பெரும்பாடு. எழுதுபவர்களில் சிறு பிள்ளைகள் உண்டு, கை நடுங்கும் முதியவர்களும் உண்டு. அவர்களுடைய ஒரு வரி என் பத்து வரிக்குச் சமம். ஆகவே ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கோபப்படுவது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் எண்ணிக்கைக்காகவே அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். புதியவர் ஒரே நேரத்தில் 5 அட்டைகளைத்தான் பயணத்தில் வைத்திருக்கலாம். அனுப்ப அனுப்ப அந்த வரம்பு உயர்ந்து 100 வரை போகும். என் அனுமானம், வரம்பு உயர்ந்தவர்களிடம்தான் வரிகள் குறைகின்றன என்பது. அனுமானம்தான், ஆனால் கைவிட மனமில்லை.

எங்கள் ஊர் பற்றியும் ஒரு குறை உண்டு. ஆத்தங்குடித் தரைக்கல், கண்டாங்கிச் சேலை, பலகாரம் எல்லாம் தடையின்றிக் கிடைக்கும் ஊரில், செட்டிநாட்டு வீட்டின் படம் போட்ட நல்ல அஞ்சலட்டை ஒன்றைத் தேடி நான் அலையாத கடை இல்லை. கடைசியில் வீட்டுக் கூடமான பட்டாலையின் தூண்களையும் தரையையும் நானே படமெடுத்து, தடித்த தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டேன். கைவசம் 50 பைசா அட்டை இருக்கிறதே என்று நினைப்பவர்கள் கவனிக்க: அது உள்நாட்டுக்கானது, வெளிநாட்டுக்கு ஆகும் தபால் செலவை அதோடு ஒப்பிடவே முடியாது.

மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால், சேருங்கள் என்றுதான் முடிவு வர வேண்டும். ஆனால் இந்த வாரமும் இரண்டு வெற்று அட்டைகள் வந்திருக்கும் நிலையில், சேர வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. காசு செலவழித்து, நாவால் ஈரமாக்கி ஒட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு ஒட்டுப்படம் பெறுவதில் எனக்கு இன்று எந்தச் சுவையும் தெரியவில்லை. நான் விலகவில்லையே என்று கேட்பீர்கள். ஆச்சி தினமும் பின்வாசலில் தபாலை எதிர்பார்க்கிறார், அதனால்தான்.

தீர்ப்பை மீறிச் சேர்பவர்கள், அட்டையும் அஞ்சல்தலையும் கையில் இல்லாமல் முகவரி கேட்க வேண்டாம். கேட்ட நாளிலிருந்தே கணக்கு ஓடும், 60 நாளில் சேராவிட்டால் அட்டை காலாவதிப் பட்டியலுக்குப் போகும், ஓராண்டுக்குள் தாமதமாகச் சேர்ந்தாலும் பதிவு செய்யலாம் என்பது ஆறுதல். அடையாள எண்ணை இரண்டு இடங்களில் எழுதுங்கள், ஒன்றின்மேல் முத்திரை விழுந்தாலும் மற்றது தப்பும். மை கரையாத பேனா நல்லது. மீதி இடத்தில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றாவது எழுதுங்கள்; வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியோடு உளுந்து எவ்வளவு சேர்ப்பது என்று எழுதிய அட்டைக்கு எனக்கு வந்த நன்றிச் செய்தி, அந்த அட்டையைவிட நீளமாக இருந்தது.