காங்கிரீவ் செட் வாங்குமுன் எண் போட்ட பக்கத்தைக் கேளுங்கள்

லண்டனுக்கு வந்த நாளாய்ப் பழைய புத்தகங்களில் காசைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியும் போன மாதம் 260 பவுண்டுக்கு ஏமாந்தேன்.

வாங்கியது பழைய ஆங்கில நாடகாசிரியர் வில்லியம் காங்கிரீவின் முழுப் படைப்புகள். மான்டேகு சம்மர்ஸ் பதிப்பித்து, நான்சச் பிரஸ் என்ற பதிப்பகம் 1923இல் வெளியிட்ட நான்கு தொகுதிகள். மொத்தம் 900 செட்தான்: 825 சாதாரணத் தாளில், 75 கையால் செய்த தாளில். கிராக்கி அந்த 75க்கு. ஆன்லைன் விளம்பரத்தில் 'தாத்தாவின் நூலகத்திலிருந்து, 75இல் ஒன்று, ஃபைன்' என்று போட்டிருந்தது. எத்தனையில் எத்தனையாவது செட் என்று எண் போட்டிருக்கும் பக்கத்தின் படம் கேட்டேன். தலைப்புப் பக்கத்தின் படம் வந்தது. மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுப் பணத்தை அனுப்பினேன். தப்பு அங்கேதான்.

பார்சல் வந்ததும் முதல் தொகுதியைத் திறந்தேன். எண் இருந்தது, ஆனால் அது 825இல் ஒன்று என்று அதே பக்கம் தெளிவாகச் சொல்லியது. தாளை வெளிச்சத்தில் பிடித்து, கையால் செய்த தாளுக்குரிய கோடு தெரிகிறதா என்று பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். இயந்திரத் தாளிலும் அந்தக் கோடுகளை உருளை வைத்துப் பதிக்க முடியும். அச்சில் இருக்கும் வாக்கியம்தான் சாட்சி.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் தொகுதி மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் குட்டை. மற்றவற்றில் ஓரம் வெட்டாமல் பிசிறாக இருக்க, இதில் மட்டும் கத்தி வைத்து நறுக்கிய மாதிரி நேராக இருந்தது. முதுகின் வெளிறலும் சேரவில்லை. ஒரு பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தபோது வட்டமாக ஒரு மங்கல்: ஏதோ நூலகத்தின் முத்திரையைக் கழுவி எடுத்த தடம். தாத்தா வேறு வேறு வீட்டிலிருந்து பெண்ணெடுத்த மாதிரி செட் சேர்த்திருக்கிறார் போல!

விற்றவரிடம் கேட்டால், 'ஃபைன்' என்று தான் சொன்னது நல்ல அச்சகத்துப் புத்தகம் என்ற பொருளிலாம். பழைய புத்தக வியாபாரத்தில் அந்தச் சொல் புத்தகத்தின் நிலையைக் குறிக்கும், கிட்டத்தட்டப் புதிது போல என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? காங்கிரீவ் 1693இலேயே 'தி டபுள் டீலர்', அதாவது இரட்டை வேடக்காரன், என்று ஒரு நாடகம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டாம் தொகுதி, மூன்றாம் தொகுதி என்று தேடவே வேண்டாம், ஆள் நேரிலேயே கிடைத்துவிட்டார்.

'நான் தனிநபர், திருப்பி எடுக்க மாட்டேன்' என்பது அவருடைய அடுத்த பாட்டு. இங்கே வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே மனம் மாறலாம். தனிநபரிடம் அது செல்லாது. ஆனால் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்பது தனிநபருக்கும் உண்டு. அப்புறம் அவருடைய விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன்: நாற்பதுக்கு மேல் புத்தகங்கள், எல்லாமே 'தாத்தாவின் நூலகம்'. தனிநபர் மாதிரியா இருக்கிறது? அதைப் படமெடுத்து, எண் பக்கத்தின் படத்தோடு பணம் செலுத்திய தளத்தில் புகார் கொடுத்தேன். 260 திரும்பி வந்தது, திருப்பி அனுப்பிய செலவு 19 பவுண்டு போனது போனதுதான்.

நேற்றுப் பார்த்தேன். அதே நான்கு தொகுதிகள், அதே குட்டை மூன்றாமது, மறுபடி விற்பனைக்கு. இப்போது 285 பவுண்டு. '75இல் ஒன்று' என்ற வரி அப்படியே இருக்கிறது.