தோள் தசைநார்க் கிழிவு: எம்ப்டி கேனா, ஃபுல் கேனா?

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்தும் குளச்சல், முட்டம் கடற்கரைகளிலிருந்தும் எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வருகிறவர்களில் தோள்வலிக்காரர்களுக்குக் குறைவே இல்லை. முதிர்ந்த ரப்பர் மரத்தில் பட்டையை மேல்நோக்கிச் சீவுகிறவருக்குக் கத்தி பிடித்த கை நெடுநேரம் தலைக்கு மேலேயே நிற்கிறது. கரைமடி இழுக்கிறவருக்கு வலையின் பாரம் முழுவதும் தோளில் இறங்குகிறது. இவர்களைப் பரிசோதிக்கும் படிவத்தை அண்மையில் திருத்தி எழுதியபோது, கையைத் தூக்க உதவும், தோளின் மேற்புறத்துச் சூப்ராஸ்பைனேட்டஸ் தசையின் தசைநாருக்கு எம்ப்டி கேன், ஃபுல் கேன் என்ற இரண்டு சோதனைகளில் எதை முதலில் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. நான் ஃபுல் கேனைத் தேர்ந்தேன்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே சோதனைதான். முழங்கையை மடக்காமல், கையைப் பக்கவாட்டிலிருந்து சற்று முன்பக்கமாகத் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல்கிறோம். பிறகு மணிக்கட்டுக்கு மேலே நாம் கீழ்நோக்கி அழுத்த, நோயாளி அதை எதிர்த்து நிற்க வேண்டும். எம்ப்டி கேனில் கட்டைவிரல் தரையைப் பார்க்கும், ஃபுல் கேனில் மேலே பார்க்கும். முன்னது 1980-களின் தொடக்கத்தில் ஜோப் என்ற அமெரிக்க எலும்பியல் மருத்துவரால் பரவலானது. பின்னது 1990-களில் அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது. சூப்ராஸ்பைனேட்டஸ் தசை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வேலை செய்கிறது என்பதால், அந்தக் கணக்கில் ஒன்றை உயர்த்திச் சொல்ல இடமில்லை. தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையும் சேர்ந்தே உழைக்கிறது என்பதால், எந்தச் சோதனையும் சூப்ராஸ்பைனேட்டஸை மட்டும் தனியே பிரித்துக் காட்டுவதுமில்லை.

என் முடிவுக்குக் காரணம் வலி. கட்டைவிரலைக் கீழே திருப்பும்போது மேற்கை எலும்பு உள்நோக்கிச் சுழன்று, அதன் பெரிய புடைப்பு தோள்பட்டையின் மேல்முனை எலும்புக்கு அடியில் வந்து நெருக்குகிறது. இடையில் இருக்கும் தசைநாரும், உராய்வைக் குறைக்கும் நீர்ப்பையும் நசுங்குகின்றன. வீங்கிய தோளில் அந்த நிலையே வலியைக் கிளப்பிவிடும், வலி வந்தவுடன் தசை தன் முழு பலத்தைக் காட்டாது. அப்படிக் கை இறங்கும்போது, அது தசைநார் கிழிந்ததாலா, வலி பொறுக்காததாலா என்று நம்மால் சொல்ல முடியாமல் போகிறது. ரப்பர் பால் வெட்டும் ஓர் அம்மாவுக்குக் கட்டைவிரலைக் கீழே வைத்து லேசாக அழுத்தியபோதே கை விழுந்துவிட்டது. “அம்மா, பலம் இல்லையா, வலிக்குதா?” என்று கேட்டேன். “வலி பொறுக்க முடியல்ல மக்களே” என்றார். கட்டைவிரலை மேலே திருப்பி மறுபடி அழுத்தினேன். முகம் சற்றுச் சுளித்தாலும், மறு கையளவுக்கு ஈடாக நின்றது. முதல் சோதனையோடு நின்றிருந்தால் கிழிவு என்று எழுதி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். பயிற்சியோடு பார்க்க வேண்டிய தோளுக்கும், தாமதமின்றி எலும்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய தோளுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

ஜப்பானில் இடோயும் குழுவினரும் 143 தோள்களில் இரண்டையும் ஒப்பிட்டு 1999-இல் வெளியிட்ட முடிவுகளில், பலவீனத்தை அளவுகோலாகக் கொண்டபோது ஃபுல் கேனின் துல்லியம் 75 விழுக்காடு, எம்ப்டி கேனுக்கு 70. இந்த ஐந்து விழுக்காட்டை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. அது பெரிய இடைவெளி அல்ல. வலி குறைவாக இருப்பதால் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு, அடுத்த வருகைகளிலும் அதே அழுத்தத்தில் திரும்பச் செய்து பார்க்க முடிகிறது என்பதே எனக்கு முக்கியம். கழுத்து நரம்பு அழுந்தினாலும் இதே பலவீனம் தெரியும் என்பதால், கழுத்தைப் பார்க்காமல் எந்த முடிவையும் எழுதுவதில்லை.

தோளில் தசைநார் நசுங்குகிறதா என்று பார்க்கும் நீர் (Neer), ஹாக்கின்ஸ் (Hawkins) சோதனைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டும் வலியைக் கிளப்பிக் காட்டுகின்றன, பலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி காணும் உறைந்த தோளில், நாமே கையை வெளிப்பக்கமாகத் திருப்பினாலும் திரும்பாது. அதை முதலில் பார்த்துவிட்டால் கேன் சோதனைகளுக்கு அவசியமே வராது.

ஃபுல் கேனுக்கு ஒரு பெரிய குறை உண்டு: தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கவே முடியாதவரிடம் அது பயன்படாது. அங்கே 1996-இல் ஹெர்ட்டல் விவரித்த வெளிச்சுழற்சிப் பின்னடைவுச் சோதனைக்குப் போகிறேன். முழங்கையை மடக்கி, கையை உடலிலிருந்து சிறிதளவே விலக்கித் தாங்கிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாகக் கிட்டத்தட்ட முடிந்த அளவு திருப்பி, அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லி மணிக்கட்டை விட வேண்டும். பெரிய கிழிவு இருந்தால் முன்கை தானாக உள்ளே திரும்பிவிடும். சிறிய, பகுதிக் கிழிவுகளை இது தவறவிடும். ஃபுல் கேனும் அவற்றில் அவ்வளவு நம்பகமானதல்ல.

பந்து வீசும் இளைஞர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன், அவர்களின் தோளில் சிக்கல் வேறு வகையாகவும் இருக்கலாம் என்பதால் இந்த வரிசையை அவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எம்ப்டி கேனையும் படிவத்திலிருந்து நீக்கிவிடவில்லை. ஃபுல் கேனில் பலம் சரியாக இருந்து, வலியும் இல்லாமல், மரத்தடியில் வேலை செய்யும்போது மட்டும் வலிக்கிறது என்கிறவரிடம், அந்த வலியை எழுப்பிப் பார்க்க அது உதவுகிறது. எந்தச் சோதனையைச் செய்தாலும் பரிந்துரைக் கடிதத்தில் வெறுமனே ‘பாசிட்டிவ்’ என்று எழுதாமல், வலியா, பலவீனமா, மறு கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று மூன்றையும் எழுத வேண்டும். ஸ்கேனுக்கு அவசரம் உண்டா என்பதை மருத்துவர் அந்த வரிகளைப் பார்த்தே தீர்மானிக்க முடியும்.