சூளூர்ப்பேட்டை அரைநாள் பறவை நோக்கல் சேவை: பூநாரைக் கூட்டத்தில் சிறியது ஒன்று

ஆரம்பாக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்குச் சூளூர்ப்பேட்டை, ஆந்திர எல்லை தாண்டி அடிக்கடி போய்வரும் ஊர்தான் என்றாலும், அங்கிருந்து பழவேற்காடு ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையில் பறவை பார்ப்பதற்கென்றே ஒருவரை அமர்த்திக்கொண்டது இந்த ஜனவரியில்தான். வண்டி, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி, வழிகாட்டி மூன்றுக்கும் சேர்த்து அரை நாளுக்கு 2,800 ரூபாய் கேட்டார்கள். நானும் என் அப்பாவும் போனோம்.

வழிகாட்டி தமிழர், இளைஞர். சாலையின் இருபுறமும் தண்ணீர் இருந்தும் வடபுறத்தில்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். குளிர்காலத்துச் சூரியன் தென்கிழக்கிலிருந்து எழுவதால், வடக்கே பார்த்தால் வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்து பறவையின் மேல் விழும்; தெற்கே பார்த்தால் எல்லாம் கறுப்பு உருவங்களாகவே தெரியும். பல ஆண்டுகளாக அந்தச் சாலையில் போய்வந்தும் நான் கவனிக்காத ஒன்று இது.

ஊசிவால் வாத்துகளுக்கு அப்பால், முழங்கால் ஆழத் தண்ணீரில் சில நூறு பெரும் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) நின்றன. ஐந்து நிமிடம் தொலைநோக்கியை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "ஒண்ணு மட்டும் வேற மாதிரி மேயுது, பாருங்கம்மா" என்றார். மற்றவை தலையைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருக்க, அது மட்டும் அலகை நீர்மட்டத்திலேயே வைத்து இடமும் வலமுமாக வீசியபடி நடந்தது. சிறு பூநாரை என்ற வேறோர் இனம் நீரின் மேற்பரப்பிலுள்ள நுண்பாசியை வடித்து உண்பது. பெரும் பூநாரைக்கு அடியிலிருக்கும் சிற்றுயிர்களே முக்கிய இரை.

நான் உடனே பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் சொல்லவில்லை. பெரும் பூநாரையின் இளம் பறவையும் உருவில் சிறியதாக, மங்கிய அலகோடு இருக்கும் என்பதால், அதை முதலில் விலக்கியாக வேண்டும் என்றார். இளம் பறவை சாம்பலும் பழுப்புமாக இருக்கும், இளஞ்சிவப்பு ஏற ஆண்டுகள் ஆகும். இதுவோ பக்கத்தில் நின்றவற்றைவிட அடர்ந்த சிவப்பு. பெரியதன் அலகு வெளிறிய இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. இதன் அலகு முழுவதும் கருஞ்சிவப்பாகி, தூரத்திலிருந்து கறுப்பாகவே தெரிந்தது. நாலடிக்கு மேல் உயரமுள்ள பெரியவற்றின் நடுவே மூன்றடிக்கும் குறைவான பறவை நின்றால் உயரமே காட்டிக்கொடுத்துவிடும்தான். ஆனால் தண்ணீரில் எது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது தெரியாதபோது உயரத்தை நம்ப முடியாது என்றும், இரண்டும் அருகருகே தலை நிமிரும் வரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். பொறுத்தோம். நிமிர்ந்தபோது அதன் தலை பக்கத்துப் பறவையின் முதுகைச் சற்றே தாண்டியது. அதன் பிறகுதான் சிறு பூநாரை என்று தம் குறிப்பேட்டில் எழுதினார். செல்பேசியைத் தொலைநோக்கியின் கண்வில்லையில் ஒட்டிவைத்து அலகு தெரியும்படி மூன்று படங்களும் எடுத்தார். கட்ச் ரண்ணில் இனப்பெருக்கம் செய்து மும்பையின் தானே கழிமுகத்தில் திரளாகக் கூடும் இந்தப் பறவை இங்கே எப்போதாவது ஒன்றிரண்டுதான் தென்படும் என்பதால், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவுசெய்தால் சான்று கேட்பார்கள் என்றார். இந்தப் பொறுமைக்குத்தான் நான் காசு கொடுத்ததாக நினைக்கிறேன்.

தொலைநோக்கி 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்குவது. 60-இல் படம் மங்கி ஆடியது. 30-இல் வைத்தபோதுதான் அலகின் நிறம் பிடிபட்டது. முழங்கால் வலியால் நிற்க முடியாத அப்பாவுக்காக மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டு, முக்காலியைத் தாழ்த்தி, பறவை நகர நகரத் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு அருகே நின்ற வேறு வண்டிக்காரர்கள் பறவைகளை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்க விரும்பியபோது, மேய்ச்சலைக் கெடுக்க வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லித் தடுத்ததும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறைகள் இரண்டு. காலை ஐந்தரைக்கு வரவேண்டிய வண்டி ஆறேகாலுக்கு வந்தது. ஒன்பது மணிக்கே கானல் எழும்பி உருவங்கள் நெளியத் தொடங்கும் இடத்தில் முக்கால் மணி நேரம் என்பது பெரிய இழப்பு, அதற்காகக் கட்டணத்தில் எதையும் குறைக்கவும் இல்லை. அடுத்தது, கையில் கொடுத்த பறவைப் பட்டியல் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. சென்னையிலிருந்தும் எங்கள் பக்கத்திலிருந்தும் இத்தனை பேர் வரும் இடத்தில் கூழைக்கடா, உள்ளான், உப்புக்கொத்தி என்ற பெயர்களைத் தமிழிலும் அச்சிட ஒரு பக்கம் போதும். கேட்டதற்குச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கிய பிறகு, ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது. ஏரி நிறைந்திருந்தால் பூநாரைகள் கால் ஊன்ற ஆழம் குறைந்த இடம் தேடி விலகிவிடும். முன்பதிவு செய்யும்போது வண்டி புறப்படும் நேரத்தை முதல் நாள் இரவே மறுபடி உறுதிசெய்துகொள்ளுங்கள். நாங்கள் பிப்ரவரியில் இன்னொரு முறை போக முன்பணம் கொடுத்துவிட்டோம்.