மூவர் காத்திருந்த பாட்டு, ஒருவர் காத்திருந்த பாட்டு

‘யூ கான்ட் ஹரி லவ்’ (காதலை அவசரப்படுத்த முடியாது) பாடலை நான் முதலில் கேட்டது பிரிட்டிஷ் பாடகர் ஃபில் காலின்ஸின் குரலில். மூன்று பெண்கள் பாடிய அமெரிக்கக் குழுவான சுப்ரீம்ஸின் மூலத்தைக் கேட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான். அதே மெட்டு, ஏறக்குறைய அதே வேகம், அதே சொற்கள். காதல் கிடைக்காமல் தவிக்கும் உள்ளத்துக்கு, ‘அவசரப்படாதே, காத்திரு’ என்று அம்மா சொன்ன புத்தி. இருந்தும் இரண்டும் ஒரே பாட்டாக எனக்குக் கேட்கவில்லை. ஏன் என்று பலமுறை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறேன்.

மூலம் 1966இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. எழுதியவர்கள் பிரையன் ஹாலண்ட், லாமான்ட் டோசியர், எடி ஹாலண்ட். இதற்கு வித்திட்டது டோரதி லவ் கோட்ஸ் பாடிய ஒரு கிறிஸ்தவ பக்திப் பாடல்: கடவுளை அவசரப்படுத்த முடியாது, உரிய நேரத்தில் அவர் வந்துவிடுவார் என்பது அதன் பொருள். கடவுள் இருந்த இடத்தில் காதலை வைத்தார்கள். ஆனால் தேவாலயத்தின் பழக்கம் பாட்டைவிட்டுப் போகவில்லை. ஒருவர் முறையிட, மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுக்கிறார்கள். இருபத்திரண்டு வயது டயானா ராஸ் ஏங்கிப் பாட, பின்னால் மேரி வில்சனும் ஃப்ளாரன்ஸ் பல்லார்டும் அவரைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அம்மாவின் சொல்லைத் தோழிகள் நினைவூட்டுவதுபோல அது ஒலிக்கிறது. அந்தப் பெண் தவிக்கிறாள், ஆனால் தனியாக இல்லை.

அடியில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார். பாட்டைத் தொடங்கி வைப்பதே அதுதான். வலக்கையின் ஒற்றை விரலால் மீட்டியவர் அவர். பாடுகிறவள் பொறுமையிழக்க, பேஸோ துள்ளிக்கொண்டே நடைபோடுகிறது. இத்தனைக்கும் அந்தக் காலத்து மோட்டவுன் தட்டுகளின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயர் இருக்காது. ஜேமர்சனின் பெயர் அச்சேற 1971 வரை ஆயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

காலின்ஸின் வடிவம் 1982 நவம்பரில் வெளியானது. ஜெனிசிஸ் ராக் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞராக வளர்ந்த அவர், மோட்டவுன் ஓசையை மனதார நேசித்தவர். புதுப்பிக்கிறேன் என்று பாட்டைச் சிதைக்காமல், அந்தப் பழைய ஓசையையே மீண்டும் கட்டியெழுப்ப முயன்றார். அந்த மரியாதைக்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. டிரம்ஸ் இதில் பெரிதாக, பளிச்சென்று கேட்கிறது. மூலத்தின் இசைக்கலைஞர்கள் ஒரே சிறிய அறையில் நெருக்கியடித்து வாசித்த சூடு மட்டும் இதில் இல்லை.

பெரிய வேறுபாடு குரல்களில்தான். மூன்று பெண்களின் இடத்தில் காலின்ஸின் குரலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. காணொளியில் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக மூன்று காலின்ஸ்கள் வரிசையாக ஆடுகிறார்கள். பலர் அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். எனக்கு அதில் தனிமைதான் தெரிகிறது. முதல் திருமணம் முறிந்த காயம் ஆறாத காலத்தில், முப்பத்தொரு வயதில் அவர் பாடியது இது. அம்மா சொன்னதைத் திரும்பச் சொல்லவும் அவருக்கு அவரேதான். ஒரு முறை ஏமாந்தவன் மீண்டும் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறான் என்ற பொருள் இங்கே புதிதாக வந்து சேர்கிறது. பாட்டின் சொற்களைப் பெரிதாக மாற்றாமலே கிடைத்த பொருள் அது.

தரவரிசையும் இரண்டு நாடுகளில் தலைகீழாயிற்று. அமெரிக்காவில் சுப்ரீம்ஸ் முதலிடம், காலின்ஸ் பத்தாமிடம். பிரிட்டனில் சுப்ரீம்ஸ் மூன்றாமிடம், 1983 ஜனவரியில் காலின்ஸ் முதலிடம். தனிப்பாடகராக அவர் அங்கே பிடித்த முதல் முதலிடம் அது.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், தயங்காமல் மூலத்தையே எடுப்பேன். வாத்தியங்கள் அடங்கி, இரவில் தன்னோடு மென்மையாகப் பேசப்போகும் குரலுக்காக டயானா ராஸ் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள் போதும். காலின்ஸ் அந்த இடத்தை நன்றாகப் பாடுகிறார், டயானா ராஸ் அங்கே கெஞ்சுகிறார். காலின்ஸின் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்த அதே 1983ஆம் ஆண்டில், ஆகஸ்டில் ஜேமர்சன் இறந்தார். ஃப்ளாரன்ஸ் பல்லார்ட் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, முப்பத்திரண்டு வயதில் போய்விட்டிருந்தார். அடுத்த முறை மூலத்தைக் கேட்கும்போது, டயானாவின் குரலை விட்டுவிட்டு, பின்னால் வரும் அந்த இருவரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.