டி.டி.எஸ். முதல் த்ரில் வரை: டயாலிசிஸ் குழூஉக்குறிகளோடு ஆறு ஆண்டுகள்

நுங்கம்பாக்கத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் எனக்கு டி.டி.எஸ். என்றால் வருமானத்தில் முன்கூட்டியே பிடிக்கப்படும் வரி. பெரம்பூரில் எங்கள் தெருவில் கேட்டால் அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஆர்.ஓ. மெஷினைப் பார்க்க வருகிறவர் பேனா போன்ற கருவியைத் தம்ளரில் முக்கிச் சொல்லும் எண். 2019 ஜூனில், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவின் மருந்துச் சீட்டில் மூன்றாவதாக ஒரு டி.டி.எஸ். வந்து சேர்ந்தது. நாளொன்றுக்கு மூன்று வேளை என்னும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை என்று அன்றிரவே தேடித் தெரிந்துகொண்டு, இருபத்து நான்கை மூன்றால் வகுத்து, காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று எட்டு மணி நேர இடைவெளியில் அந்த மாத்திரையைத் தவறாமல் கொடுத்துவந்தேன். மாதக் கடைசிப் பரிசோதனையில் பாஸ்பரஸ் இறங்கவேயில்லை. அது சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் மருந்து என்பதும், சாப்பாட்டோடு விழுங்காவிட்டால் அதற்குப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. சுருக்கத்தின் விரிவு எனக்குத் தெரிந்திருந்தது; பொருள் தெரியவில்லை.

இந்த ஆறு ஆண்டுகளில் நான் பயன்படுத்திவரும் இருநூறு பக்க நோட்டைப் பற்றியும், அதில் சேர்ந்திருக்கும் சொற்களைப் பற்றியும் எழுத நினைத்ததற்கு அந்த டி.டி.எஸ்.தான் காரணம். பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று ஒன்று உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், கள் குடிப்போர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் அதற்கு உதாரணங்கள். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வழங்கும் சொல் அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு விளங்காது என்பதுதான் இலக்கணம் சொல்வது. நோயாளியின் மகள் அந்தக் கூட்டத்துக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மாத்திரை கொடுக்கும் கை அவளுடையது என்பதால் விளங்காமல் இருக்கவும் வழியில்லை.

நோட்டின் முதல் வடிவத்தை அகரவரிசையில் எழுதினேன். ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. என்றால் இரு வேளை, எச்.எஸ். என்றால் படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும், ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் பின். நாற்பது சொற்கள் சேர்ந்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது; அந்தத் தெம்புதான் அடுத்த தவறுக்கு வழிவகுத்தது. சர்க்கரை நோயால் அப்பாவின் கண்ணும் பாதிக்கப்பட்டிருந்ததால் ஒரு கண் மருத்துவமனையில் காட்டினோம். சொட்டு மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓ.டி. என்று இருந்தது. நோட்டைப் பார்த்து, நாளுக்கு ஒரு முறை, இரண்டு கண்ணிலும் என்று ஒரு வாரம் விட்டேன். கண் மருத்துவத்தில் ஓ.டி. என்பது வலது கண்; அதுவும் லத்தீன்தான், ஆனால் வேறு இரண்டு சொற்கள். எத்தனை வேளை என்பதை அவர்கள் அடுத்த வரியில் எழுதியிருந்தார்கள். அதை நான் அடுத்த மருந்துக்கு உரியது என்று நினைத்துவிட்டேன். மறுபடி போனபோது அந்த மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. 'ரைட் ஐ' என்று முழுதாக எழுதிக் கொடுத்தார். மருந்தின் பெயரைப் பொதுப்பெயராக, தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதியே திருத்தப்பட்டது. அதன் பிறகு பெயர்கள் ஓரளவு படிக்கும்படி வருகின்றன. பெயருக்குப் பின்னால் தொங்கும் இந்த வால்தான் பழையபடியே இருக்கிறது.

அதற்குப் பிறகு அகரவரிசையைக் கைவிட்டு, யார் எழுதியது, எந்தத் தாளில் எழுதியது என்று பிரித்து நோட்டைத் திருத்தி எழுதினேன். ஒரே எழுத்து தாளுக்குத் தாள் மாறும் என்பதற்கு கே என்ற ஓரெழுத்தே போதும். ரத்தப் பரிசோதனைத் தாளில் கே என்றால் பொட்டாசியம். இளநீரும் வாழைப்பழமும் அப்பாவுக்கு ஏன் கூடாது என்பதற்கான விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரு மே மாத வெயிலில் யாருக்கும் தெரியாமல் அவர் குடித்த இளநீரை 6.2 என்று காட்டிக்கொடுத்ததும் அதுதான். டயாலிசிஸ் போதுமான அளவு நடந்ததா என்று கணக்கிடும் கே.டி. பை வி என்ற அளவீட்டில் வரும் கே வேறு. வடிகட்டி ரத்தத்திலிருந்து யூரியாவை அகற்றும் வேகம் அது. டி என்பது நேரம், வி என்பது உடலிலுள்ள நீரின் அளவு. வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கு அந்த விடை 1.2-க்குக் கீழே போகக் கூடாது. முதல் கே ஏறினால் பயப்பட வேண்டும். இரண்டாவது கே ஏறினால் மகிழ வேண்டும்.

டயாலிசிஸ் கூடத்தில் ஊழியர்கள் எழுதுவது ஒரு மொழி, நோயாளிகள் பேசுவது இன்னொரு மொழி. பதிவேட்டில் யு.எஃப். என்று இருப்பதை அங்கே எல்லோரும் 'தண்ணி எடுக்கிறது' என்பார்கள். 'நேத்து மூணு கிலோ எடுத்தாங்க, காலு ரெண்டும் இழுத்துக்கிச்சு' என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னால், அதில் யு.எஃப். அளவும் அதன் பின்விளைவும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இன்னொரு சொல் டிரை வெயிட். உடம்பு வறண்டுபோன எடை என்று அப்பா பொருள் கொண்டு, சாப்பாட்டைக் கூட்ட வேண்டும் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். உண்மையில் அது, மிகுதியான நீரெல்லாம் போன பிறகு கால் வீங்காமல், மூச்சு வாங்காமல், ரத்த அழுத்தமும் சரியாக இருக்கும்போது நிற்கிற எடை. அப்பாவுக்கு அப்போது 58 கிலோ. ஒரு திங்கட்கிழமை காலை எடை மேடையில் 61.4 என்று காட்டியது. 3.4 லிட்டரை நான்கு மணி நேரத்தில் எடுத்தால், கிலோவுக்கு மணிக்குப் பதினான்கு மில்லியைத் தாண்டுகிறது. பதின்மூன்றுக்குள் இருப்பதே இதயத்துக்கு நல்லது என்று டெக்னீஷியன் தம்பி யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, 'ஐயா, அதையெல்லாம் எடுத்து வெச்சிட்டு ஏறுங்க' என்றார். கைப்பேசி, வீட்டுச் சாவிக்கொத்து, சில்லறை நிறைந்த பர்ஸ், கண்ணாடிக் கூடு எல்லாம் வெளியே வந்தன. எடை 60.8 ஆயிற்று. பையில் இருந்ததையும் தண்ணீரென்று எண்ணி எடுத்திருந்தால் அப்பா அன்று மயங்கியிருப்பார். டிரை வெயிட் என்ற சொல்லுக்கு நேராக என் நோட்டில் இப்போது விளக்கம் ஏதும் இல்லை. 'செருப்பு, போன், சாவி' என்று மட்டும் இருக்கிறது.

நோட்டிலேயே பயனுள்ள பக்கம் எது என்று கேட்டால், த்ரில் என்ற சொல் உள்ள பக்கத்தைத்தான் காட்டுவேன். ஊசி போடுவதற்கு வசதியாகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை மூலம் இணைக்கிறார்கள், தாளில் ஏ.வி.எஃப்., பேச்சில் ஃபிஸ்டுலா. அப்பாவுக்கு இடது கை. தையல் பிரித்த அன்று சிஸ்டர், 'டெய்லி த்ரில் இருக்கான்னு பாக்கணும்ப்பா' என்றார். 'இந்த வயசுல இன்னும் என்னம்மா த்ரில்லு' என்று அப்பா சிரித்தார். சிஸ்டர் என் விரல்களை அந்த மணிக்கட்டில் வைத்தார். மிக்சி ஓடும்போது சமையல் மேடையில் கை வைத்தால் வரும் அதிர்வு போல மெல்லிய, இடைவிடாத நடுக்கம் ஒன்று தெரிந்தது. ரத்தம் வேகமாகப் பாய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, அதன்மேல் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்றும் அன்றே எழுதிக்கொண்டேன். 2022-இல் ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கப் போகும் முன் வழக்கம்போலத் தொட்டுப் பார்த்த அப்பா என்னைக் கூப்பிட்டு, 'ஏம்மா, மிக்சி நின்னுபோச்சு' என்றார். வலி இல்லை, வீக்கம் இல்லை. நடுக்கம் மட்டும் இல்லை. அடுத்த டயாலிசிஸ் வெள்ளிக்கிழமைதான் என்று காத்திருக்காமல் உடனே புறப்பட்டதால், உள்ளே உறைந்திருந்த கட்டியை அன்று மாலையே அகற்றி அதே ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற முடிந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் கழுத்தில் லைன், அதாவது சிரைக்குள் செருகும் குழாய், போட வேண்டியிருந்திருக்கும் என்றார் அறுவை மருத்துவர். அந்த 'லைன்' என்ற சொல்லையும் அன்றுதான் சேர்த்துக்கொண்டேன்.

இன்சுலின் பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். நாற்பதுக்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இருபதுவரை இழுத்தால் உள்ளே போவது ஐம்பது யூனிட். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இன்சுலின் உடம்பிலேயே நெடுநேரம் தங்கும் என்பதால் இந்தத் தவறு மற்றவர்களைவிட அவருக்கு ஆபத்தானது. யூனிட் என்பதை ஆங்கில யு என்ற ஒற்றை எழுத்தால் எழுதினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து பத்து நூறாகிவிடும் என்பதால், அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் கூட்டு ஆணையம் 2004-இல் அந்த எழுத்தையே பயன்படுத்தக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. இங்கே சீட்டில் அது இன்னமும் வருகிறது. வந்தால் நான் மருந்துக் கடைக்காரரிடமே 'பத்து யூனிட்' என்று எழுத்தால் எழுதி வாங்கிக்கொள்கிறேன். கவரின் மேல் காலை, மதியம், இரவு என்று வட்டமிட்டுக் கொடுக்கும் அவரைவிட நல்ல அகராதி எனக்குக் கிடைத்ததில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் வரும் கே.சி.ஓ. என்பது ஏற்கெனவே அறியப்பட்ட நோய், எஸ்.எச்.டி.என். ரத்தக் கொதிப்பு, என்.ஏ.டி. என்றால் குறையேதும் தென்படவில்லை. மறுபடி வர வேண்டிய நாளை 2/52 என்று எழுதுவார்கள். ஆண்டின் 52 வாரங்களில் இரண்டு, அதாவது இரண்டு வாரம் கழித்து. கணக்கு எழுதும் நான் அதை முதலில் பில் எண் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு சுருக்கத்தின் விரிவை மட்டும் அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஈ.எஸ்.ஆர்.டி. என்று கோப்பின் முதல் பக்கத்தில் இருந்ததை, பள்ளியில் படிக்கும் என் அக்கா மகன் கைப்பேசியில் தேடி, 'இறுதி நிலைச் சிறுநீரக நோய், தாத்தா' என்று உரக்கப் படித்துவிட்டான். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. மறு வாரம் மருத்துவர், வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். பதினைந்துக்குக் கீழே போனால் அது ஐந்தாம் நிலை என்றும், இறுதி என்பது சிறுநீரகத்தின் வேலைக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை என்றும் பொறுமையாக விளக்கினார். சாவைத் 'துஞ்சினார்' என்று மங்கலமாகச் சொல்லும் மொழியில் வளர்ந்தவருக்கு அந்த முதல் எழுத்து எவ்வளவு பெரிய அடி என்பது அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. 2020-இல், சிறுநீரக நோய்க்கான சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் உலக அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. வெளியிட்ட சொற்பரிந்துரையில் அந்தத் தொடரைத் தவிர்த்து, சிறுநீரகச் செயலிழப்பு என்றே சொல்லும்படி கூறியிருக்கிறது. அப்பாவின் கோப்பில் இப்போது சி.கே.டி. 5டி என்று வருகிறது. சி.கே.டி. என்பது நாள்பட்ட சிறுநீரக நோய், 5 அதன் நிலை, கடைசி டி டயாலிசிஸைக் குறிக்கும்.

நோட்டில் குறைகளும் உண்டு. மருத்துவமனை மாறினால் பாதிப் பக்கங்கள் செல்லாது. எண்ணின் பொருளும் ஆளுக்கு ஆள் மாறும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அப்பாவுக்கு 6.4 என்று வந்தபோது நான் மகிழ்ந்தேன். டயாலிசிஸில் இருப்பவரின் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் அந்த எண் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்று சொல்லி, மருத்துவர் வீட்டுக் குளுக்கோமீட்டர் அளவுகளைக் கேட்டார். இப்போதைக்குக் கடைசிப் பக்கத்தில் எனக்கு விளங்காத சுருக்கங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் போன வாரப் பதிவேட்டில் ஒரே கையெழுத்தில் வந்தவை. புதன்கிழமை முதல் ஷிஃப்டில் அந்த சிஸ்டர் வருவார், கேட்க வேண்டும்.