பக்கத்து வீட்டு மின்திருட்டு: பேசித் தீர்ப்பதா, புகார் கொடுப்பதா?

குன்னூர்ப் பக்கத்து லைன் வீடுகளில் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்பவர்கள் இதில் முகத்தாட்சண்யம் பார்த்துத் தயங்குவது இயல்பே. மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால், இரண்டுக்கும் நடுவே யாரோ வயர் இழுத்திருக்கக்கூடும்.

செலவு: பேசினால் எலெக்ட்ரீஷியன் கூலியோடு முடியும், புகாருக்கு மின்வாரிய அலுவலகத்துக்கு அலைய நேரலாம்.

உறுதி: பேச்சுக்குக் கட்டுப்பட்டு அகற்றிய வயர், ஹீட்டர் தேவைப்படும் டிசம்பர் பனியில் மீண்டும் முளைக்கலாம், புகாரிலோ, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறை, அபராதம் என்ற அச்சம் நிற்கும்.

உறவு: பேசினால் மனக்கசப்போடு போகும்; புகார் கொடுத்தால் முகத்தில் விழிக்க முடியாது.

ஒற்றை பல்புக்கு இழுத்தவரிடம் பேசலாம். மீட்டர் சீல் உடைந்திருந்தால் சந்தேகம் உங்கள் மேலேயே விழும் என்பதால், எதையும் தொடாமல் உடனே எழுத்தில் புகார் கொடுப்பதே சரி.